சூட்டோட சூடா ஒடைச்சிடு, மாப்ள!

மொதல்ல ஒரு விசயம் மாப்ள. ஸ்பேனரைக் கையில எடுக்கறதுக்கு முன்னால, வண்டியில ஸ்பார்க் பிளக்கு இருக்குதான்னு பாரு. சிரிக்காதே. இதே பெங்களூர் தொம்மலூர்ல, ரெண்டாவது ஸ்டேஜ்ல ஒரு ஆளு, டீசல் பிக்கப்பை வச்சிகினு, ஞாயித்துக்கெழம காலையில நாலு பிளக்கு வாங்கியாந்து, போன்ல வீடியோ ஓடவுட்டு, பானெட்டுக்குள்ள தலையைக் குடுத்து மத்தியானம் வரைக்கும் தேடினாரு. நான் எதுத்த வீட்டுப் படியில ஒக்காந்து பாத்துகினே இருந்தேன். 'இன்னா சார் தேடறீங்க'ன்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா ஒரு நல்ல ஞாயித்துக்கெழம வீணாப் போயிருக்கும்.

வெளிய இருக்கற பேரை வச்சி உள்ள இருக்கறதை முடிவு கட்டக் கூடாதுன்னு இந்த ஊருக்காரனுக்கா சொல்லணும்? நம்ம சொக்கநாதசாமி கோயிலுக்கு, பேரைக் கேட்டுட்டு வில்வத்தோட போறவன், உள்ள பெருமாள் நிக்கறதைப் பாத்துட்டு வில்வத்தை எங்க வைக்கறதுன்னு முழிப்பான். சோழங்க காலத்துக் கோயிலும்பாங்க. 13ஆம் நூத்தாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்குது அங்க. சொக்கப்பெருமாள்னு அதுலயே வெட்டி வச்சிட்டாங்க. படிக்கறவனைத்தான் காணோம். வண்டிப் புத்தகமும் அதே கதிதான், டாஷ்போர்டுக்குள்ள பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காம கெடக்குது.

நம்ம தேசத்துல ஓடற பிக்கப்பு முக்காவாசி டீசல். டீசலுக்குப் பொறி தேவையில்ல. காத்தைப் போட்டு அமுக்கற அமுக்குல வர்ற சூட்டுலயே எண்ணெய் பத்திக்கும். 2005ல டாட்டா ஏஸ் வந்துதே, சனங்க குட்டியானைன்னு பேரு வச்சுதே, அதுவும் டீசல்தான். 2020ல பி.எஸ். 6 சட்டம் வந்தப்புறம்தான் பெட்ரோல் ஏஸும் சேந்து வந்துது. டீசல்லயும் பிளக்குன்னு ஒண்ணு இருக்குமேன்னு கேப்ப. அது க்ளோ பிளக்கு. குளுர்ல ஸ்டார்ட் ஆவறதுக்கு உள்ள சூடு காட்டற கம்பி. பொறி கிறி ஒண்ணும் வராது.

ஒன் வண்டி பெட்ரோல், கூட கேஸு. அதனால பிளக்கு இருக்குது. நாலு இருக்குது. அந்த வரைக்கும் ஒனக்கு அதிர்ஷ்டம்தான்.

அக்கா மவன்ங்கறதால வா போன்னு பேசறேன், எம்பொண்ணைக் கட்டினவன்ங்கறதால மாப்ளன்னு கூப்புடறேன். ரெண்டு உரிமையும் சேந்துதான் இத்தச் சொல்லுது. எங்க ஊர்ல சும்மா கெடக்கற செம்மண்ணையும் ஆட்டுப் புழுக்கையையும் அஞ்சு கிலோ மூட்டையாக் கட்டி, 'ஆர்கானிக்'னு சீட்டு ஒட்டி, இந்திராநகர் மாடித் தோட்டத்துக்கெல்லாம் விக்கிறா பாரு எம்பொண்ணு, அவ புத்தியில கால் பங்கு ஒனக்கு இருந்திருந்தா வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பிச்ச அன்னிக்கே பாத்திருப்ப. நீ பாட்டுக்கு பாட்டுச் சத்தத்தை ஏத்தி வச்சிகினு ஓட்டின. எஞ்சின் துடிக்கறது காதுல வுழல. பிக்கப் இல்ல, மைலேஜ் இல்ல, காத்தால ஸ்டார்ட் ஆவறப்ப நாலு தபா இருமுது. கேஸ்ல ஓடற வண்டிக்கு இன்னும் மோசம். பெட்ரோலைவிட கேஸைப் பத்த வைக்க ஜாஸ்தி வோல்டேஜ் வேணும். பிளக்கு முனை தேஞ்சிருந்தா அது கேஸ்லதான் மொதல்ல தெரியும். நீ உடனே 'கேஸு கலப்படம்'னு சொல்லிகினு திரிஞ்ச.

சரி, கம்பெனிக்கு வுடாம நானே மாத்தறேன்னு கெளம்பிட்ட. நல்லது. ஆம்பளைன்னா அப்படித்தான் இருக்கணும், அதுவும் லீவு நாள்ல.

இந்த மாதிரி வண்டிங்கள்ல எஞ்சின் சீட்டுக்கு அடியில. மாருதி சூப்பர் கேரியும் அப்படித்தான். பானெட்டைத் தேடிகினு முன்னால நிக்காதே, சீட்டைத் தூக்கு. தூக்கினா மொதல்ல எஞ்சின் தெரியாது. ஒனக்கு முன்னால வச்சிருந்தவனோட வாழ்க்கை வரலாறு தெரியும். பீடித்துண்டு, டோல் சீட்டு, ஒரு ஒத்தச் செருப்பு, காஞ்சி சுருங்கின எலுமிச்சம்பழம். நான் எட்டிப் பாத்தேனே, எலுமிச்சம்பழம் மட்டும் வருசத்துக்கு ஒண்ணு கணக்கா இருந்துது. பிளக்கு மாத்தின பில்லு ஒண்ணு கூடக் கெடைக்கல. ஆயுத பூசைக்கு ஆயுதத்துக்குப் பொட்டு வச்சானே தவிர, ஆயுதத்தைத் தொறந்து பாக்கல. சாதா நிக்கல் பிளக்கை அம்பதாயிரம் கிலோமீட்டர் வுட்டு வைக்கறதே ஜாஸ்தி. இரிடியமா இருந்தா லட்சம் வரைக்கும் தாங்கும். உன்னுது சாதா. எத்தினி வருசமா அங்கயே குடியிருக்குதோ, இப்ப வாடகைக்காரன் வீட்டுக்காரன் ஆயிட்டான்.

ஆக, அது வராது. லேசுல வராது. ஒடைக்கணும்னு ஆசையா இருந்தா அதுக்கும் முறை இருக்குது, சொல்றேன், எழுதிக்கோ.

மொதல்ல வண்டியை எடுத்துகினு பழைய ஏர்போர்ட் ரோட்ல மாரத்தஹள்ளி வரைக்கும் போயிட்டு வா. எஞ்சின் நல்லா கொதிக்கட்டும். வந்த சூட்டுலயே சீட்டைத் தூக்கு. பிளக்குக் குழியில இருக்கற மண்ணு, தூசு எதையும் ஊதாதே. பாவம், அதுவும் உள்ள போய் சிலிண்டரைப் பாக்கட்டும். பிளக்கு தலைக்குச் சரியான அளவு பாக்ஸ் தேடாதே. 16-ஆ 21-ஆன்னு சந்தேகம் வந்தா கிட்டத்தட்ட நொழையறதைப் போடு. கொஞ்சம் சாச்சிப் புடி, அப்பத்தான் உள்ள இருக்கற வெள்ளைப் பீங்கான் அழகா ரெண்டாப் போவும். ராட்செட்டு கைப்புடி குட்டையா இருந்தா தண்ணி பைப்பு ஒண்ணைச் சொருகி நீட்டிக்கோ. எதுத்த வீட்டு ஹவில்தாரைக் கூப்புடு. சப்ளை கோர்ல இருபது வருசம் லாரி ஓட்டினவரு, இந்தத் தெருவுல அந்த மாதிரி ஆளுக்குப் பஞ்சமா, ஏ.எஸ்.சி. சென்டர் பக்கத்துலயே இருக்குது. அவரு கையைக் கட்டிகினு 'போடு பலமா'ம்பாரு. ஒரே இழு. டொக்குனு சத்தம் வரும். கழண்டுடுச்சுன்னு சந்தோசப்படுவ. தலை மட்டும் கையில வந்திருக்கும்.

'சூட்டுலதான் சுளுவா வரும் மாமா, வீடியோவுல சொன்னான்'ங்கற. சொன்னவன் பாதி படிச்சவன். ஹெட்டு அலுமினியம், பிளக்கு உடம்பு இரும்பு. சூடேறினா அலுமினியம் இரும்பைப் போல ரெண்டு மடங்குக்கிட்ட விரியும். அதனால ஓட்டை பெருசாவும், பிளக்கு தளரும்னு கணக்குப் போடறான். கணக்கு சரிதான். ஆனா சூட்டுல அலுமினியம் இளகிப் போயிருக்கும், அந்த நேரத்துல இரும்பைத் திருகினா மரையும் அதோட சேந்து வழிச்சிகினு வந்துடும். பழைய ஜீப்பு, அம்பாசடர் காலத்து இரும்பு ஹெட்டுல சூட்டுல கழட்டினவங்க இருந்தாங்க. அது தாங்குச்சு. ஒன் வண்டி அந்த வம்சம் இல்ல. கையை வச்சா குளுந்து இருக்கணும். ராத்திரி நிறுத்தின வண்டியைக் காத்தால தொடு.

ஒடைக்கறதுல ஒலக சாம்பியன் யாருன்னு கேக்கறியா? நம்மாளு இல்ல. அமெரிக்காக்காரன். அங்க ஃபோர்டு எஃப்-150ன்னு ஒரு பிக்கப்பு. நம்ம ஒன்பதாவது கிராஸ்ல அத்தத் திருப்பணும்னா ரெண்டு காம்பவுண்டு செவுத்தை இடிக்கணும், அவ்ளோ பெருசு. அதுல 5.4 லிட்டர் வி-8 எஞ்சின், ட்ரைட்டன்னு பேரு. மொதல்ல வந்த ரெண்டு வால்வு எஞ்சின்ல பிளக்கைப் புடிச்சிகினு இருக்கற மரை நாலே சுத்துதான். ரோட்ல போறப்ப படார்னு சத்தம், பிளக்கு மரையைப் பிச்சிகினு எகிறிடும். கழட்டாமயே கழண்டுது. சனங்க கத்துனாங்க. அடுத்து மூணு வால்வு எஞ்சின் வந்துது. 2004 மாடல்லேந்து எஃப்-150ல அதான். இந்தத் தபா பிளக்கு எகிறவே இல்ல. எகிறாதது மட்டும் இல்ல, கழட்டினாலும் வரல.

ஏன்னா, அந்த பிளக்கை ரெண்டு துண்டாச் செஞ்சி ஒண்ணாச் சேத்திருந்தாங்க. மரைக்குக் கீழ நீட்டா ஒரு மெல்லிசான குழாய். அது ஹெட்டுக்குள்ள ஆழமா எறங்கி உக்காந்திருக்கும். லட்சம் மைலுக்கு, நம்ம கணக்குல ஒரு லட்சத்து அறுவதாயிரம் கிலோமீட்டருக்கு, மாத்தவே வேணாம்னு புத்தகத்துல போட்டான். அத்தினி நாள்ல அந்தக் குழாயைச் சுத்திக் கரி புடிச்சி இறுகிப் போச்சி. லட்சம் மைலுக்கப்புறம் மெக்கானிக் ஸ்பேனர் போட்டுத் திருகினான். மேல்துண்டு அமைதியா வெளிய வந்துது. கீழ்துண்டு உள்ளயே நின்னுடுச்சு. எட்டு பிளக்கு மாப்ள, எட்டும் அந்த ஜாதி. ஒடைஞ்ச துண்டை எடுக்கறதுக்குன்னே தனியா ஒரு கருவி செஞ்சி வித்தாங்க. வண்டி வித்த காசுல ஒருத்தன் பொழைச்சான், கருவி வித்த காசுல இன்னொருத்தன் பொழைச்சான்.

கடைசியில ஃபோர்டு கம்பெனியே தன் ஒர்க்ஷாப்புங்களுக்கு இத்த இப்படித்தான் கழட்டணும்னு முறை எழுதிக் குடுத்துது. அவ்ளோ பெரிய கம்பெனி, அத்தினி இஞ்சினியரு, இன்னா எழுதியிருப்பான்னு நெனக்கற? லேசர் வையி, கம்ப்யூட்டர் மாட்டுன்னா? எஞ்சின் முழுசா ஆறட்டும். பிளக்கை எட்டுல ஒரு பங்குலேந்து கால் சுத்து வரைக்கும் மட்டும் தளத்து. அந்த இடுக்குல கார்புரேட்டர் கிளீனரை ஊத்து. கொறஞ்சது பதினஞ்சு நிமிசம் கம்முனு இரு. அப்புறம் முன்னும் பின்னுமா அசைச்சி அசைச்சி எடு. அவ்ளோதான். நம்ம குடியாத்தம் பட்டறையில துருப்புடிச்ச போல்ட்டுக்கு மண்ணெண்ண ஊத்திட்டு டீ குடிக்கப் போற பையன் செய்யறதை, அமெரிக்காக்காரன் அச்சடிச்சி நம்பர் போட்டுக் குடுத்தான்.

இங்கதான் மாப்ள ஒனக்குச் சங்கடம். ஸ்பேனர் வாங்கிடுவ, ஆன்லைன்ல நல்ல குரோம் வெனேடியம் செட்டாவே வாங்குவ. கையில பலமும் இருக்குது, ஜிம்முக்குக் கட்டற காசுக்கு அது கூட இல்லன்னா எப்படி. பதினஞ்சு நிமிசத்துக்கு எங்க போவ? கொத்தமல்லித் தழை பத்து நிமிசத்துல வாசலுக்கு வர்ற ஊரு இது. பதினோராவது நிமிசம் ஆனா போனைத் தூக்கிப் புகார் குடுக்கற ஆளு நீ. வீடியோவைக் கூட ஒண்ணரை மடங்கு வேகத்துல ஓட்டித்தான் பாக்கற. அதுல அந்த ஆளு 'ஊற விடுங்க'ன்னு சொல்லிட்டு வெட்டி ஒட்டி அடுத்த நொடியே பிளக்கைக் கையில வச்சிகினு நிக்கறான். நடுவுல போன ராத்திரியை யாரும் காட்டறதில்ல. அதுக்காக ஒனக்குப் பொறுமையே இல்லன்னு நான் சொல்லல. தொம்மலூர் சிக்னல்ல, மேம்பாலத்துக்கு அடியில, முக்கா மணி நேரம் முன்னால நிக்கற தண்ணி லாரியோட பின்பக்கத்தைப் பாத்துகினு கம்முனு ஒக்காந்திருக்கியே. அதுல மூணுல ஒரு பங்கை எடுத்து இங்க போடுன்றேன்.

நீ மண்ணு ஏத்திகினு ஓசூர் ரோடு பக்கம் போறப்ப ஆடுகோடியில ஒரு பெரிய காம்பவுண்டைத் தாண்டிப் போற. அது இன்னா எடம்னு தெரியுமா? மைக்கோ. இப்ப அத்தச் சொன்னா ஒங்க வயசுக்காரங்களுக்கு மைக்கோ லேஅவுட்டு மட்டும்தான் தெரியுது. பிளக்குல ஒழுங்காப் பொறி வரவச்ச கதையே மைக்கோவோட பாட்டன் கம்பெனியோடது. ஜெர்மனியில, ஸ்டுட்கார்ட்ல ராபர்ட் பாஷ் பட்டறையில கோட்லோப் ஹோனோல்டுன்னு ஒரு இஞ்சினியரு, 1902ல உயர் வோல்டேஜ் மேக்னெட்டோவும் அதுக்குத் தோதா ஸ்பார்க் பிளக்கும் செஞ்சி பேட்டண்ட் வாங்கினாரு. அதுக்கப்புறம்தான் பெட்ரோல் எஞ்சினு ஒழுங்கா வேகம் எடுத்துது. அந்தக் கம்பெனி 1951ல நம்ம நாட்டுல மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனின்னு ஆரம்பிச்சி, ஆடுகோடியில பிளக்கும் டீசல் பம்பும் செஞ்சுது. அந்த எழுத்துங்களைச் சேத்துத்தான் மைக்கோ. நான் வாலிபத்துல லாரி கிளீனரா இந்த ஊருக்கு வந்தப்ப, கடையில போய் பிளக்கு குடுன்னு கேட்டா, மைக்கோவைத்தான் எடுத்து வைப்பாங்க. சாயங்காலம் சங்கு ஊதினா ஓசூர் ரோடு பூரா சைக்கிளு. 'மைக்கோவுல வேலை'ன்னு சொன்னா அவனுக்குப் பொண்ணு குடுக்க வாணியம்பாடி வரைக்கும் க்யூ நிக்கும்.

2008ல பேரை பாஷ் லிமிடெட்னு மாத்தினாங்க. அப்புறம் உற்பத்தியெல்லாம் பிடதிப் பக்கம் போயி, ஆடுகோடி எடத்துல கம்ப்யூட்டருக்காரங்களுக்குப் பெரிய வளாகம் கட்டி, 2022ல பிரதமர் தொறந்து வச்சாரு. அதுக்கு வச்ச பேரு இன்னா தெரியுமா, 'ஸ்பார்க்' நெக்ஸ்ட். பொறி போன எடத்துல பேரு மட்டும் நிக்குது. தப்பு சொல்லலப்பா. நீயும் அந்த மாதிரி கண்ணாடிக் கட்டடத்துலதான் ஒக்காந்து சோறு திங்கற, எம்பேரப் புள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டற. ஆனா பிளக்குக்கே பேரு போன ஊர்ல ஒக்காந்துகினு, பிளக்கு கழட்டறதுக்கு டெக்ஸாஸ்ல ஒருத்தன் போட்ட வீடியோவைப் பாக்கறியே, அதான் எனக்குச் சிரிப்பு.

சரி, ஒடைக்காம எடுக்கணும்னு எம்பொண்ணு சொல்லிட்டாளா? அதை மொதல்லயே சொல்லக் கூடாதா.

வெள்ளிக்கெழம ராத்திரி சீட்டைத் தூக்கு. பேட்டரி மைனஸைக் கழட்டி வையி. பிளக்குத் தொப்பியைப் புடிச்சி லேசா திருகி இழு. ஒயரைப் புடிச்சி இழுத்தின்னா ஒயரும் வாங்கணும். கழட்டறதுக்கு முன்னயே ஒயருக்கு ஒண்ணு ரெண்டுன்னு டேப்பு ஒட்டி நம்பர் போட்டுடு. ஒனக்கு ஞாபகம் இருக்கும்னு சொல்லாதே, கல்யாண நாளே ஒனக்கு போன்தான் சொல்லுது. மாத்திப் போட்டுட்டின்னா புது பிளக்குலயும் வண்டி குதிக்கும். குழியில கம்ப்ரசர் காத்து அடி, இல்லன்னா சைக்கிள் பம்பாவது அடி. கண்ணை மூடிகினு அடி, செம்மண்ணு மூஞ்சிக்குத்தான் வரும். அது நீ விக்கிற சரக்குதான்.

அப்புறம் மரை ஓரத்துல துரு எளக்கற எண்ணெய் ரெண்டு சொட்டு. ரெண்டு சொட்டுன்னா ரெண்டுதான், கிணறு ரொப்பறதில்ல. ஊத்திட்டுப் போய்ப் படு. பீடி பத்தறதா இருந்தா அந்தப் பக்கம் தள்ளி நின்னு பத்து. நீ பத்தறதில்ல, தெரியும், நான் வந்து நிப்பேனே, அதுக்குச் சொல்றேன்.

காத்தால சரியான பாக்ஸை நேரா எறக்கி, மொள்ள திருப்பு. அசைஞ்சா நிறுத்து. கால் சுத்து தளந்துதா, மறுபடி அரைக்கால் சுத்து இறுக்கு. மறுபடி தளத்து. இன்னும் ரெண்டு சொட்டு. பங்காளிகிட்ட பாகம் கேக்கற மாதிரி: ரெண்டடி முன்ன போயி ஒரு அடி பின்ன வாங்கணும், கோவம் வந்தா எழுந்து டீ குடிச்சிட்டு வரணும், எடுத்த எடுப்புல கோர்ட்டுன்னு போனா நெலம் உனக்கும் இல்ல அவனுக்கும் இல்ல. கிறீச்சுனு கத்தினா பயப்படாதே, ஆனா கேளு. ஒரே மாதிரி கத்துதுன்னா துரு. சுத்தச் சுத்த இறுகிகினே போச்சுன்னா மரை பேருது. உடனே உள்ள திருப்பி எண்ணெய் விட்டு இன்னொரு ராத்திரி வுடு. ஒரு நாள் வண்டி ஓடலன்னா இந்திராநகர் செடியெல்லாம் செத்துடாது.

மரையே போச்சுன்னா அழாதே. லேத்துக்காரங்க இருக்காங்க. பழைய ஓட்டையைப் பெருசாக் கொடைஞ்சி, டேப்பு அடிச்சி, உள்ள புது எஃகுச் சுருள் மரை போட்டுக் குடுப்பாங்க. ஆனா கொடையற அலுமினியத் தூளு சிலிண்டருக்குள்ள வுழுந்தா கதை வேற. அதனால நல்ல லேத்தா இருந்தா ஹெட்டைக் கழட்டித்தான் ஆவணும்பான். ஹெட்டைக் கழட்டினா கேஸ்கெட்டு, கேஸ்கெட்டுன்னா கூலிம்பான். அவன் கணக்குப் போடற வேகத்தைப் பாத்தா, உங்க ஆபீஸ்ல அவனுக்கு வேலை குடுத்துடலாம்.

கழட்டின பிளக்கை வீசாதே. வரிசையா வச்சிப் பாரு, எஞ்சினோட ஜாதகம் அதுல இருக்குது. மூக்கு இளம் பழுப்பா இருந்தா ஒடம்பு நல்லா இருக்குது. கரிக்கட்டையாக் கறுத்திருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, இல்ல பொறி பத்தல. எண்ணெய் பிசுக்கா இருந்தா உள்ள ஆயில் ஏறுது, அதுக்கு பிளக்கு மாத்திப் பிரயோசனம் இல்ல. சுண்ணாம்பா வெளுத்திருந்தா சூடு தாங்கல, கேஸ் ட்யூனிங்கைப் பாக்கணும். நாலுல ஒண்ணு மட்டும் வேற நெறத்துல இருந்தா அந்த சிலிண்டரு உன்கிட்ட தனியா ஏதோ சொல்லுது. அதை போட்டோ புடிச்சி ஸ்டேட்டஸ்ல வைக்காதே, மெக்கானிக்குக் காட்டு.

புதுசு வாங்க ஜே.சி. ரோட்டுக்குப் போ. பழைய பிளக்கைக் கையோட எடுத்துகினு போ, மரை 14-ஆ 12-ஆ, நீட்டம் எவ்ளோன்னு ஒப்பிட்டுப் பாக்கணும். மரையோட நீட்டம் 12.7 மில்லிமீட்டர் இருக்குது, 19 இருக்குது, 26.5 இருக்குது. '19 இல்ல சார், 26 இருக்குது, அதான் பவரு'ன்னு எவனாவது குடுத்தா வாங்கியாந்து மாட்டிடாதே, மேல வர்ற பிஸ்டன் அதுக்கு ஒரு முத்தம் குடுக்கும், அதுதான் ரெண்டு பேருக்கும் கடைசி. சூட்டு நம்பரும் புத்தகத்துல போட்டதுதான். ரொம்ப மலிவாக் கெடைச்சா டப்பாவைப் பாக்காதே, பிளக்கைப் பாரு, எழுத்து நகத்துல தேச்சா போவுதான்னு பாரு. போலிச் சரக்குக்கு டப்பா ஒரிஜினலைவிட பளபளன்னு இருக்கும்.

மாட்டறப்ப ராட்செட்டை எடுத்தின்னா கையிலயே போடுவேன். ஒரு ரப்பர் குழாய்த் துண்டுல பிளக்குத் தலையைச் சொருகி, வெரல்லயே மரை ஏத்து. நேரா இல்லன்னா ரப்பர் வழுக்கி நின்னுடும், அதுக்குக் கோவம் தெரியாது. வெரலால முடிஞ்ச வரைக்கும் போனப்புறம், புது வாஷர் போட்ட 14 மில்லி பிளக்குக்கு ஸ்பேனர்ல அரைச் சுத்து, கூடப் போனா முக்காலுக்குக் கொஞ்சம் உள்ள. டார்க் ரெஞ்சு வச்சிருக்கறவன்கிட்ட வாங்கினா 25லேந்து 30 நியூட்டன் மீட்டர். மறுபடியும் இப்படி ஒட்டிக்கக் கூடாதேன்னு மரைக்கு கிரீஸைப் பூசப் போற, எனக்குத் தெரியும். வேணாம். இப்ப வர்ற நல்ல பிளக்குங்களுக்கு மரையிலயே பூச்சு குடுத்துதான் அனுப்பறாங்க. கிரீஸ் வச்சா வழுக்கி வழுக்கி நீ ஜாஸ்தி இறுக்கிடுவ, அடுத்த தபா கழட்டறப்ப என்னைத் திட்டுவ.

நாலும் மாட்டியாச்சு, பேட்டரி குடுத்தாச்சு, ஸ்டார்ட் ஆச்சு, எஞ்சின் பூனைக்குட்டியாட்டம் நிக்குது. ஒடனே தெருவுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு 'மாமா, செம'ன்னு வந்து நிக்காதே. காலி வண்டியில எல்லா பிளக்கும் நல்ல பிளக்குதான். பாரம் ஏத்தி மேடு ஏறணும். அப்பத்தான் சிலிண்டருக்குள்ள அமுக்கம் ஏறும், அமுக்கம் ஏறினா பொறி தாண்டறதுக்கு வோல்டேஜ் கூடவே வேணும், சொத்தை பிளக்கோ பழைய ஒயரோ அங்கதான் மாட்டும். தொம்மலூர் மேம்பாலம் எல்லாம் ஒரு மேடா? அதுல வண்டி ஏறறதே இல்ல, நின்னுகினுதான் இருக்குது.

அதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன். கோலார் போயி, பேத்தமங்கலா, வி.கோட்டா தாண்டினா பேர்ணாம்பட்டுக்கு எறங்கற மலைப்பாதை. போறப்ப எறக்கம், பிரேக்கு டெஸ்ட் ஆயிடும். வர்றப்ப அதே பாதை ஏத்தம், அங்க பாரத்தோட செகண்டு கியர்ல உறுமாம ஏறிச்சின்னா நீ மெக்கானிக். ஏத்தத்துக்கு பாரம் வேணுமில்ல, ஊர்ல உங்கம்மா ஆறு மூட்டை அரிசியும் ஒரு மூட்டை புளியும் கட்டி வச்சிருக்காங்களாம், போன்ல சொன்னாங்க. போறப்ப மட்டும் எதுக்குக் காலியாப் போவணும்? என்னோட கட்டிலும் ஆட்டுக்கல்லும் இங்க சும்மா எடத்தை அடைச்சிகினு இருக்குது, அத்த ஊருக்குக் கொண்டுபோகச் சொல்லி டெம்போக்காரன்கிட்ட கேட்டா என் சொத்தைக் கேக்கறான். ஞாயித்துக்கெழம காத்தால அஞ்சு மணிக்குக் கெளம்பினா கே.ஆர்.புரம் நெரிசலுக்கு முன்ன தாண்டிடலாம். கட்டிலைக் கழட்டி மாடிப்படி கிட்ட சாச்சி வச்சிட்டேன். நாலு போல்ட்டும் நல்லா துருப்புடிச்சி இருந்துது, முந்தாநாளே எண்ணெய் விட்டு வச்சேன், இன்னிக்குக் கையாலயே வந்துடுச்சு.